கரை தட்டிய கப்பல் யாருக்குச் சொந்தம்? மோட்டுப்பள்ளிக் கல்வெட்டும் நம் கடற்கரையும்

சூளூர்ப்பேட்டை வாத்தியார்
சனி, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே போடுகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்து பேசினால் எனக்கும் தெளியும்.

2020 அக்டோபர் 13ஆம் தேதி பொழுது விடிவதற்குள், ‘எம்.வி. மா’ என்ற வங்கதேசச் சரக்குக் கப்பல் விசாகப்பட்டினத்தில் தென்னேட்டிப் பூங்காவுக்குக் கீழே வந்து கரை தட்டியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடலைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். நங்கூரம் பிடி விட்டு, கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த 15 பேரும் பிழைத்தார்கள். சில மாதம் கழித்துத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனபோது நான் அதைப் பார்த்தேன்.

படத்தில் பார்ப்பது வேறு, கீழே இறங்கிப் போய் நிற்பது வேறு. தண்ணீருக்கு அடியிலேயே இருக்க வேண்டிய சிவப்பு வண்ணம் வெயிலில் காய்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. கப்பல் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்று காட்ட முகப்பில் எண்கள் எழுதியிருப்பார்களே, அவை என் தலைக்கு மேலே இருந்தன. ஒவ்வொரு அலையும் பின்பக்கம் மோதும்போது உள்ளே ஏதோ பெரிய காலிப் பீப்பாயை அறைந்தது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் தெலுங்கில் சொன்னார்: “கரைக்கு வந்துவிட்டால் கடல் கொடுத்தது. ஊருக்குச் சொந்தம்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உடனே மோட்டுப்பள்ளி ஞாபகம் வந்தது. நான் 31 வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன். சீராலா பக்கத்தில் கடலோரம் இருக்கும் அந்த ஊர் காகதீயர் காலத்தில் பெரிய துறைமுகம். அதற்குத் தேசியுய்யக்கொண்ட பட்டணம் என்று இன்னொரு பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே தமிழ் வணிகர்கள் அங்கே புழங்கியது தெரியும். அங்குள்ள வீரபத்திரர் கோயிலில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டையொட்டி வெட்டி வைத்த அபய சாசனம், அதாவது கடல் வணிகர்களுக்குப் பாதுகாப்பு உறுதி தரும் கல்வெட்டு, இருக்கிறது. அது சொல்வதை என் வார்த்தையில் தருகிறேன்:

முன்னால் இருந்த அரசர்கள், ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போகும் கப்பல்கள் புயலில் அடிபட்டு உடைந்து கரையில் ஒதுங்கினால், அதிலுள்ள பொன், யானை, குதிரை, மணி என்று எல்லாவற்றையும் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். நாமோ, உயிரைவிடப் பொருள் பெரிது என்று துணிந்து கடலில் இறங்குகிறவர்கள்மேல் இரக்கப்பட்டு, புகழுக்காகவும் புண்ணியத்துக்காகவும், உரிய சுங்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், முத்து, பன்னீர், தந்தம், பட்டு, பவளம், மிளகு என்று பொருள்வாரியாக விகிதம் எழுதியிருக்கிறது.

கிட்டத்தட்ட 780 வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு கல் நட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன்பு கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் கேள்வி இதுதான்: இன்றைக்குக் கரை தட்டுகிற கப்பல் யாருடையது? அதன் பொறுப்பு யார் தலையில் விழுகிறது?


தடா கார்த்தி
சனி, இரவு 9.02

சார், நீங்கள் பார்த்த அந்தக் கப்பலை உணவகமாக மாற்றப் போவதாக ஆந்திரச் சுற்றுலாத் துறை அறிவித்தது. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. இழுத்துப் பார்த்தும் வராத கப்பலை வெட்டி இரும்புக்குப் போடுவதைவிட, நான்கு பேருக்கு வேலை கிடைக்கிற மாதிரி அங்கேயே நிறுத்தலாமே? நம் பக்கத்தில் ஜனவரியில் நடக்கும் பூநாரைத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது! அதே கூட்டம் மற்ற மாதங்களில் வருவதற்கு எதுவும் இல்லை. நான் படகுத்துறைப் பக்கம் கடை வைத்திருப்பவன், அதனால் சொல்கிறேன்.


பழைய செராங்கு
சனி, இரவு 11.40

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் கப்பலில் 28 வருஷம் இருந்தவன். இப்போது ஆரம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். கப்பல் எப்படிக் கரைக்கு வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், சொந்தம் கொண்டாடுவதை அப்புறம் பேசலாம்.

நங்கூரம்தான் கப்பலைப் பிடிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நிஜம். கடல் தரையில் நீளமாகக் கிடக்கும் சங்கிலியின் கனமும் சேர்ந்துதான் பிடிக்கிறது. ஆழத்தைப் போலப் பல மடங்கு சங்கிலியை இறக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு படுக்கைவாட்டில் வரும், நங்கூரத்தின் நகம் மண்ணுக்குள் இறங்கும். காற்று ஏற ஏறச் சங்கிலி விறைத்து மேலே எழும்பும். இழுப்பு மேல்நோக்கிப் போனதும் நங்கூரம் உழவுக் கலப்பை மாதிரி மண்ணைக் கீறிக்கொண்டு நகர ஆரம்பிக்கும். டெக்கில் நின்று சங்கிலியில் கை வைத்தால் அது தெரியும். நிலையாகப் பிடித்திருந்தால் சங்கிலி அமைதியாக இருக்கும். நகர்ந்தால் நடுங்கும், விட்டுவிட்டு ஒரு அதிர்வு உள்ளங்கையில் ஏறும். நான் இரண்டு தடவை அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் எஞ்சின் கைகொடுத்தது.

எஞ்சின் கைகொடுக்காவிட்டால் முடிந்தது. சரக்கு ஏற்றாத கப்பல் இன்னும் மோசம், உடம்பு முழுக்கத் தண்ணீருக்கு மேலே நிற்பதால் காற்றுக்கு அது ஒரு சுவர். கரைப் பக்கம் வந்ததும் அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். அடி மணலில் பட்டதும் அலை முகப்புக்குக் கீழேயும் பின்புறத்துக்குக் கீழேயும் மணலை அரித்து எடுக்கும், நடுவில் மணல் தாங்கும். இரண்டு முனையும் தொங்க, நடு முதுகு முறியும். அதற்கு முன்னால் இழுத்துவிட வேண்டும்.

எப்போது இழுப்பது? நீர் மட்டம் நன்றாக ஏறும் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில். இங்கேதான் நம் கடலின் குணம் வருகிறது. குஜராத் அலங்கில் ஓதம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அதனால்தான் உடைக்க வேண்டிய கப்பலை நீர் ஏறும்போது வேண்டுமென்றே கரையில் ஏற்றுகிறார்கள். நம் சோழமண்டலக் கரையில் பெரிய ஓதமே ஒரு மீட்டர் அளவுதான். புயல் தூக்கிக்கொண்டு வந்து வைத்த உயரத்துக்கு, புயல் போன பிறகு தண்ணீர் திரும்பி வராது.

அதனால், தம்பி கார்த்தி, ‘இழுத்தும் வராத கப்பல்’ என்று சொல்வது சுலபம். முதல் 10, 15 நாளில் யார் வந்தார்கள், எந்த இழுவைக் கப்பல் வந்தது, யார் காசு கட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.


பழவேற்காடு செல்வி
ஞாயிறு, காலை 6.50

கார்த்தி தம்பி, எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, இரண்டு அண்ணன்மார், எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி தெண்டி என்கிற நீரோட்டம் ஓடும், தெற்கிலிருந்து வடக்கே. மழைக்காலத்தில் வன்னி, வடக்கிலிருந்து தெற்கே. மணலும் அதோடு நடக்கும். மொத்தக் கணக்கில் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அது நடக்கிற வழியில் நீங்கள் எதை நிறுத்தினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை போகும். சென்னைத் துறைமுகம் 1875ஐ ஒட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரை போனது. பாறையைக் கொட்டிக் கொட்டி இன்றுவரை தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரை தட்டிய கப்பலும் அதே வேலையைத்தான் செய்யும். சின்னத் துறைமுகச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உணவகத்துக்கு முன்னால் மணல் திட்டு அழகாக இருக்கும். அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் வலை காயப்போடும் இடம் போகும், அப்புறம் படகு ஏற்றும் இடம், அப்புறம் வீடு. அந்தக் குப்பத்துக்காரனிடம் யாரும் ‘இங்கே கப்பல் நிற்கலாமா’ என்று கேட்கமாட்டார்கள்.

2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். வாளியில் அள்ளினார்கள். எங்கள் ஏரி மீனில் எண்ணெய் இல்லை, ஆனாலும் பல நாள் வியாபாரி கூடையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனார். அம்மா இறாலை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து கருவாடு போட்டாள். இறால் கருவாட்டுக்கு அந்த விலை கிடைக்காது, தெரியும்தானே.


சூளூர்ப்பேட்டை வாத்தியார்
ஞாயிறு, காலை 9.20

செல்வி அம்மா, நீங்கள் சொன்ன மணல் கணக்குக்கு நேரான சாட்சி ஒன்று கோவாவில் உண்டு. ‘ரிவர் பிரின்சஸ்’ என்ற கப்பல் 2000 ஜூனில் கண்டோலிம் கடற்கரையில் கரை தட்டியது. 2012 வரை அங்கேயே இருந்தது. பன்னிரண்டு மழைக்காலம்! மணல் உள்ளே புகுந்து புகுந்து, மிதக்க வைப்பது என்ற பேச்சே போய், துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்க்கவும் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்தான். கரை அரித்தது என்று அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக முறையிட்டதும் நடந்தது.

செராங்கு ஐயா சொன்ன ‘முதல் 15 நாள்’ எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெரிகிறது. 2012 அக்டோபர் 31இல் நீலம் புயலின்போது சென்னையில் கரை தட்டிய ‘பிரதிபா காவேரி’ நவம்பர் 11ஆம் தேதி மீட்கப்பட்டுவிட்டது. ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள், மற்றொன்றுக்குப் பன்னிரண்டு வருஷம்.


களியக்காவிளை ராஜன்
ஞாயிறு, பகல் 1.05

துறைமுகத்தில் சரக்கு விடுவிப்பு வேலை பார்க்கிறேன், சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

‘கண்டெடுத்தவனுக்குச் சொந்தம்’ என்பது எந்தக் காலத்திலும் இந்தியச் சட்டத்தில் இல்லை. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் உடைந்த கப்பலுக்கும் கரை ஒதுங்கிய பொருளுக்கும் தனிப் பகுதியே இருந்தது. அதற்கென்று ஒரு அதிகாரி உண்டு. கண்டெடுத்தவர் அவருக்குத் தகவல் தர வேண்டும். உரிமையாளர் ஒரு வருஷத்துக்குள் வந்து நிரூபித்து, மீட்புச் செலவைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் அரசுக்கு. உங்கள் கணபதிதேவர் கல்லில் இருப்பதுதான் இதுவும், சுங்கத்துக்குப் பதில் செலவுத் தொகை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1244இல் கவலை, கப்பலில் இருக்கும் பொருளை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பது. இன்றைக்குக் கவலை, கப்பலை யாரும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்பது. பழைய கப்பலின் இரும்பு விலையைவிட அதை அகற்றும் செலவு அதிகமாகிவிட்டால் உரிமையாளர் கைகழுவிவிடுவார். அதற்காகத்தான் நைரோபி உடன்படிக்கை வந்தது. 2007இல் ஏற்றார்கள், 2015 ஏப்ரல் 14 முதல் நடைமுறை. ஆபத்தான சிதைவை அகற்றுவது பதிவு செய்த உரிமையாளரின் பொறுப்பு, 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதற்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட நாடு நேரடியாகக் காப்பீட்டாளரிடமே கேட்கலாம். இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான்.


தடா கார்த்தி
ஞாயிறு, பகல் 2.30

செல்வி அக்கா, வடக்கே இருக்கிற குப்பத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அது என் தவறு. ஆனால் ஒன்று கேட்கிறேன். கரையில் இல்லாமல் கடலுக்குள் மூழ்கிய கப்பல் மீனுக்கு வீடாகிறது என்கிறார்களே? செயற்கைப் பாறை என்று அரசே சிமெண்டுக் கட்டைகளைப் போடுகிறது. அப்படியானால் எல்லாச் சிதைவையும் அகற்றத்தான் வேண்டுமா?


பொழியூர்ப் பெண்
ஞாயிறு, இரவு 7.45

கார்த்திக்கு நான் பதில் சொல்கிறேன். பொழியூர் கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர். எங்கள் தெருவைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். 1956க்கு முன்னால் இரண்டும் ஒரே திருவிதாங்கூர், கடலுக்கு இன்றும் அந்த எல்லை தெரியாது.

கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டை நாங்கள் பாரு என்போம். கப்பல் மூழ்கிய இடத்தில் மீன் சேர்ந்தால் அதைக் கப்பல் பாரு என்பார்கள். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? கணிச்சம் பார்த்து. கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சியும் நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலைப் போடுவார்கள். என் தாத்தா அந்தக் கணிச்சத்தைச் சொந்தத் தம்பிக்குக்கூட லேசில் சொல்லமாட்டார். ஆக, மூழ்கிய கப்பல் மீனைக் கூட்டும் என்பது சரி. நாங்களே அதில் சாப்பிட்டவர்கள்.

ஆனால் அந்தக் காலத்துக் கப்பலில் மரம், இரும்பு, ஓடு, மிளகு. இப்போது?

2025 மே 24ஆம் தேதி கொச்சிக்குத் தென்மேற்கே ‘எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள், அது பெரிய ஆறுதல். கப்பலில் 640 சரக்குப் பெட்டிகள். அதில் 13 பெட்டியில் ஆபத்தான சரக்கு, அவற்றிலும் 12இல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு வரும் பொருள். கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கின. 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள் என்று அறிவித்தார்கள். ‘கடல் கொடுத்தது ஊருக்குச் சொந்தம்’ என்று யாரும் கிட்டே போக முடியாத காலம் இது.

எங்கள் கரைக்குப் பெட்டி வரவில்லை. மணி வந்தது. பிளாஸ்டிக் மணி, பச்சரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரியது, வெள்ளை வெளேர் என்று. பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கு மூலப்பொருளாம். காலையில் பார்த்தால் அலை ஏறி நின்ற கோட்டில் பூக்கோலம் போட்டது போல ஒரே நீளம். கூடை கூடையாக அள்ளினோம். மேல் மணலை அள்ளி மாவுச் சல்லடையில் போட்டால் மணல் இறங்கும், மணி நிற்கும், கூடவே சிப்பித் துண்டும் சின்ன நண்டும் நிற்கும். நண்டைக் கையால் பொறுக்கி விடணும். ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து ஒரு காலைப் பொழுது முழுக்கச் சலித்தால் ஒரு கட்டில் அளவு இடம் முடியும். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் கோலம். ஒரு மழைக்காலம் போயும் மணலைக் கையால் கிளறினால் கிடைத்தது.

மீனுக்கு அது முட்டை மாதிரித் தெரியும். அதற்குத்தான் பயப்படுகிறேன். வலையும் கிழிகிறது, மூழ்கிய பெட்டி எங்கே கிடக்கிறது என்று கணிச்சத்தில் தெரியாதே.

அதனால் தம்பி, மூழ்கிய கப்பல் எல்லாம் பாரு ஆகிவிடாது. உள்ளே என்ன இருந்தது என்று முதலில் கேட்கணும்.


பாலக்காட்டுச் சுந்தரம்
திங்கள், காலை 5.55

சித்தூர்ப் பக்கத்துத் தமிழன் நான். கோழிக்கோட்டில் வேலை. வாத்தியார் ஐயாவின் கல்வெட்டைப் படித்ததும் இந்தக் கரையில் நடந்ததைச் சொல்லத் தோன்றியது.

மார்க்கோ போலோ ஏழிமலை நாட்டைப் பற்றி எழுதும்போது, வேறு ஊருக்குப் புறப்பட்ட கப்பல் காற்றில் தவறி இங்கே வந்துவிட்டால் ‘கடவுள்தான் உன்னை எங்களுக்கு அனுப்பினார்’ என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். தென்னேட்டிப் பூங்காவில் ஐயாவின் பக்கத்தில் நின்றவர் சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தை!

அவருக்கு ஐம்பது வருஷத்துக்குள் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா வருகிறார். தில்லி சுல்தான் சீனத்துக்கு அனுப்பிய தூதுக் குழுவின் தலைவர் அவர். கோழிக்கோட்டில் கப்பல்கள் புறப்படத் தயாராக நின்றபோது புயல் அடித்து, பரிசுப் பொருள்கள் ஏற்றிய பெரிய கப்பல் கரையில் மோதி நொறுங்கியது. உடன் வந்தவர்கள் இறந்தார்கள். பதூதா தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்ததால் பிழைத்தார். விடிந்ததும் அவர் பார்த்த காட்சி: கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி இடுப்பில் வெள்ளைத் துணியோடு, வெறுங்காலில், கரையில் நிற்கிறார். முன்னால் தீ எரிகிறது. கடல் ஒதுக்கிய பொருளை யாரும் எடுத்துவிடாதபடி அவருடைய காவலர்கள் கூட்டத்தை அடித்து விரட்டுகிறார்கள். மலபாரில் மற்ற இடங்களில் உடைந்த கப்பலின் பொருள் அரசனின் கருவூலத்துக்குப் போகும், இங்கே மட்டும் உரியவருக்கே போகிறது, அதனால்தான் இந்த ஊர் இவ்வளவு செழித்தது என்று அவரே காரணமும் சொல்கிறார்.

அரசனே கரைக்கு வந்து நின்றான் பாருங்கள். அதுதான் எனக்கு மறக்கவே மறக்காத இடம். பதூதாவின் உடைமைகள் இருந்த சின்னக் கப்பல் அவரை விட்டுவிட்டே பாய் விரித்துப் போய்விட்டது. கையில் பத்துப் பொற்காசும் படுக்க ஒரு விரிப்பும்தான் மிச்சம்.


பழைய செராங்கு
திங்கள், இரவு 10.10

பொருளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். ஆளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா ‘பிரதிபா காவேரி பன்னிரண்டு நாளில் மீட்கப்பட்டது’ என்றார். கப்பல் மீண்டது. 37 பேர் இருந்தார்கள். கரை கண்ணுக்கு எதிரே. மயிலாப்பூர்க் கோபுரம் தெரிகிற தூரம். 22 பேர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள், படகு அலையில் கவிழ்ந்தது. மீனவர்கள் அந்த அலையிலும் இறங்கிப் பலரைத் தூக்கினார்கள். ஆறு பேர் போய்விட்டார்கள். சின்னப் பையன்கள். அவர்கள் சாப்பாடும் தண்ணீரும் போதாமல், சம்பளமும் வராமல் அந்தக் கப்பலில் கிடந்தார்கள் என்பது அப்புறம் வெளியே வந்தது.

நானும் வேறொரு கப்பலில் அப்படி இருந்தவன். கப்பல் பெயர் வேண்டாம். நாலு மாதம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். உரிமையாளர் போனை எடுக்கவில்லை. கடைசி மாதம் அரிசியும் பருப்பும்தான். மழை பெய்தால் டெக்கில் தார்ப்பாய் கட்டித் தண்ணீர் பிடிப்போம். ராத்திரி கரையில் விளக்குகள் தெரியும், கல்யாண மண்டபத்துப் பாட்டுகூடக் காற்று வாட்டமாக இருந்தால் கேட்கும். இறங்கிப் போகவும் முடியாது. கப்பலில் பாதுகாப்புக்கு ஆள் இருக்கணும் என்பது விதி.

அப்படிப்பட்ட கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் இருக்காது. நங்கூரம் நகர ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் முன்னால் எழுதினேனே, எஞ்சின் கைகொடுத்தது என்று. எல்லாக் கப்பலிலும் கொடுக்காது. கரை தட்டுகிற கப்பலைப் பார்க்கும்போது புயலை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். பல கப்பல்களை அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கரையில் இருப்பவர்கள் கைவிட்டிருப்பார்கள்.


தடா கார்த்தி
செவ்வாய், காலை 7.15

ஐயா, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. 2012இல் எனக்குப் பதினொரு வயது. மாமாவோடு பெசன்ட் நகரில் அந்தக் கப்பலைப் பார்க்கப் போனோம். அப்படி ஒரு கூட்டம். என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார், ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ஆறு பேர் இறந்தது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

உணவகம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் எடுத்து, சுத்தம் செய்து, மணல் நடக்கும் வழியில் இல்லாமல், அந்தக் கரைக்காரர்கள் ஒப்புக்கொண்டால் நிறுத்தலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அப்படி நிறுத்தினால் அதில் யார் வேலை செய்தார்கள், எப்படி வந்து சேர்ந்தது என்று உள்ளே எழுதி வைக்க வேண்டும்.


பழவேற்காடு செல்வி
செவ்வாய், காலை 8.40

‘கரைக்காரர்கள் ஒப்புக்கொண்டால்’ என்று எழுதினாயே தம்பி, அது போதும் எனக்கு.

செராங்கு ஐயா, அப்பாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். புயல் கொடி ஏற்றினால் வெளியே நிற்கிற கப்பல்களை அவர் ஒவ்வொன்றாக எண்ணுவார், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன். “காலையில் ஒன்று குறைந்தால் எங்கே தேடணும்னு தெரியணும் இல்ல” என்றார்.


களியக்காவிளை ராஜன்
செவ்வாய், பகல் 12.20

செராங்கு ஐயாவுக்காக ஒரு தகவல். கைவிடப்பட்ட மாலுமிகளுக்குச் சாப்பாடு, ஊர் திரும்பும் செலவு, நாலு மாதச் சம்பளம் வரை காப்பீட்டாளரே தர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் திருத்தம் வந்து 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள் இருந்தால், ஏறினதும் முதலில் அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.


சூளூர்ப்பேட்டை வாத்தியார்
செவ்வாய், இரவு 9.00

ராஜன் எழுதியதை அச்சடித்து, எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவன் அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறான்.

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கல்லை மறுபடியும் ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. முதல் தடவை போனபோது எழுத்தை மட்டும் பார்த்தேன். அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது, துறைமுகம் இருந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்றெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. செல்வி அம்மாவின் அப்பா கூட வந்தால் எனக்குத் தெரியாதது பத்து சொல்வார். சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலில் சீராலா, அங்கிருந்து ஆட்டோ. வருகிற ஞாயிறு காலையில் கிளம்பலாமா?


பழவேற்காடு செல்வி
செவ்வாய், இரவு 9.25

அப்பா வருகிறேன் என்கிறார். ஆனால் ஞாயிறு வேண்டாமாம் ஐயா, அன்றைக்கு ஏரியில் எங்கள் பாடு, அதாவது நாங்கள் வலை போடும் முறை. திங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.


பழைய செராங்கு
செவ்வாய், இரவு 9.31

திங்கள் எனக்கும் சரி. ஆரம்பாக்கத்தில் ஏறிக்கொள்கிறேன்.